வாளியில் அள்ளிய கடல்

1945ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு உலகத்துக் கடல்களும் சட்டென்று குளிர்ந்துவிட்டன. கப்பல் ஏடுகள் அப்படித்தான் கூறின. கடல் மேற்பரப்பின் சராசரி வெப்பநிலையைக் கோடாக வரைந்தால், 1945 கடைசியில் அது படி தவறியதுபோலச் சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் கீழே விழும். நமக்கு அது உடம்பில் உறைக்காத அளவு. கடலுக்கோ பெரிய சரிவு. அதற்கு எரிமலையைக் காரணம் காட்ட வழியில்லை. எல் நினோவின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்த்தார்கள். சரிவு மறையவில்லை, முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

2008இல் டேவிட் தாம்சன், ஜான் கென்னடி, ஜான் வாலஸ், ஃபில் ஜோன்ஸ் ஆகிய நால்வர் 'நேச்சர்' இதழில் இதற்கு விடை எழுதினார்கள். கடல் குளிரவே இல்லை, வாளிதான் மாறியிருக்கிறது என்பது அந்த விடை.

அந்தக் காலத்தில் கடல்நீரின் சூட்டை அளக்க, கப்பலில் இருந்து கயிறு கட்டி வாளியை இறக்கி, நீரை மேலே தூக்கி, அதில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். வாளி பெரும்பாலும் கித்தான் துணியால் ஆனது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கித்தான் வாளியிலும் அதே கதைதான். நீர் கசிந்து ஆவியாகும், மேலே வந்து சேர்வதற்குள் உள்ளிருப்பது கொஞ்சம் குளிர்ந்துவிடும். இன்னொரு வழியும் இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கக் கப்பல் உள்ளே இழுக்கிற கடல்நீரைக் குழாயிலேயே அளந்துவிடலாம். எஞ்சின் அறையின் சூடு பட்டு இந்த நீர் உள்ளதைவிடச் சற்று வெதுவெதுப்பாகக் காட்டும்.

போர்க்காலத்தில் இரவு நேரத்தில் மேல்தளத்துக்கு விளக்கோடு வந்து வாளி இறக்கினால் எதிரியின் நீர்மூழ்கிக்கு நாமே அடையாளம் காட்டிக்கொடுத்த மாதிரி. 1942 முதல் 1945 ஆகஸ்டு வரை நமக்குக் கிடைத்திருக்கும் அளவுகளில் சுமார் 80 சதவீதம் அமெரிக்கக் கப்பல்களுடையவை, பெரும்பாலும் குழாய் நீரில் எடுத்தவை. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்கள் பெருவாரியாகத் திரும்பி வந்தன, தங்கள் வாளியோடு. சூடாகக் காட்டிய கருவி போய்க் குளிர்ச்சியாகக் காட்டிய கருவி வந்தது. கோடு விழுந்தது.

இந்த விடையில் பாதி கணக்கு, பாதி வரலாறு. கோட்டில் சரிவு இருப்பதைக் கணக்குத் தெரிந்தவர் சொல்லிவிடுவார். எந்த நாட்டுக் கப்பல் எப்போது எதில் நீர் மொண்டது என்பது அவருடைய கணினியில் இருக்காது. அது தெரிந்த வரலாற்றாசிரியர் அந்தக் கோட்டைப் பார்த்தே இருக்கமாட்டார். இந்த இரண்டு பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பது எப்படி என்பதுதான் இப்போது உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பேச்சு. வரலாறு, காலநிலை, கணினி, ஆவணக் காப்பகம் எல்லாம் சேர்ந்து நடத்தும் ஆய்வுகளில் பணமும் கணினியும் பெரிய சிக்கலே அல்ல. ஒருவர் 'பிழை' என்று தள்ளுவதை இன்னொருவர் 'சான்று' என்று எடுத்து வைத்துக்கொள்கிறாரே, அதுதான் சிக்கல்.

சேர்ந்து செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2010 அக்டோபரில் தொடங்கிய 'ஓல்டு வெதர்' நல்ல உதாரணம். பிரிட்டிஷ் வானிலைத் துறையின் பிலிப் புரோகனுக்கு வேண்டியது நூறாண்டுக்கு முந்தைய வானிலை. நிலத்தில் அதை அளந்த நிலையங்கள் உண்டு. நடுக்கடலில் யார் அளந்தார்கள்? கடற்படை அளந்திருக்கிறது. லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் உலகப்போர்க் காலத்துப் போர்க்கப்பல்களின் லாக் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எல்லாம் கையெழுத்து. கணினியால் அதைப் படிக்க முடியவில்லை. நாலைந்து பேரை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னால் ஆயுள் போதாது. ஆக்ஸ்போர்டில் இயங்கும் 'ஜூனிவர்ஸ்' குழு, விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து வகைப்படுத்தச் சொல்லிப் பழகிய குழு. அவர்களிடம் போனார்கள். சுமார் 280 கப்பல்களின் பக்கங்கள் படமாக எடுக்கப்பட்டு, விருப்பமுள்ள யார் வேண்டுமானாலும் படித்து எழுதலாம் என்று திறந்துவிடப்பட்டன.

ஒரு பக்கத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். நள்ளிரவில் இருந்து நள்ளிரவு வரை மணி வாரியாகக் கட்டம் போட்டிருக்கும். நான்கு மணிக்கொரு முறை வானிலை வரி. காற்று எந்தத் திசை என்று ஒரு கட்டம். எவ்வளவு வலு என்பது அடுத்த கட்டத்தில், 0 முதல் 12 வரை ஓர் எண்ணாக. வானம் எப்படி இருந்தது என்பதற்கு ஒற்றை எழுத்துகள், நீலவானத்துக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று. பிறகு பாரோமீட்டர் அங்குலக் கணக்கில். அதன் பக்கத்தில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் அளவு. புதிதாகப் பார்ப்பவர் இது வெளிக்காற்றின் சூடு என்றுதான் நினைப்பார். கிடையாது. சூட்டில் பாதரசம் விரியும், காற்றழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். அந்த விரிவைக் கழிப்பதற்காகப் பாரோமீட்டர் உடம்பிலேயே ஒட்டிவைத்த தெர்மாமீட்டர் அது. அடுத்து வெளிக்காற்று, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர், கடல்நீர். நண்பகலில் கப்பல் நின்ற அட்சரேகை, தீர்க்கரேகை. நோயாளிகள் எத்தனை பேர் என்றும் ஓர் இடம் உண்டு. எஞ்சிய இடம் முழுக்க அன்றாடச் செய்தி: தளம் கழுவியது, நிலக்கரி ஏற்றியது, யாருக்கு என்ன தண்டனை, தவறுதலாகக் கடலில் விழுந்த சாமான் என்னென்ன.

புரோகனுக்கு வேண்டியவை எண்கள் மட்டும். வந்து சேர்ந்த வாசகர்களோ எண்ணுக்காக வரவில்லை. ஒரு கப்பலைக் கையில் எடுத்தவர்கள் அதோடு பயணம் போனார்கள். நேற்றுக் காய்ச்சலில் கிடந்தவன் இன்று எழுந்தானா, துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தவன் திரும்பினானா என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். தொடர்கதை வாரப் பத்திரிகைக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு இது புரியும். எழுதச் சொன்னது வானிலையை, அவர்கள் எழுதித்தந்தது கப்பல் வாழ்க்கையையும் சேர்த்து. கடற்படை வரலாற்றில் ஊறிய ஆர்வலர்கள் அதைத் தொகுத்துக் கப்பல் வாரியாக வெளியிட்டார்கள்.

அந்த உபரி எழுத்தின் மதிப்பு பிறகுதான் தெரிகிறது. 1918 ஆகஸ்டில் மான்டுவா என்ற கப்பல் சியரா லியோனின் ஃப்ரீடவுன் துறைமுகத்துக்கு வந்தபோது அதில் சுமார் 200 பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். 1918இன் இன்ஃபுளுவென்சா பெருந்தொற்று மேற்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த வாசல்களில் அது ஒன்று. நோயாளி எண்ணிக்கைக் கட்டம் வானிலைக்காரருக்குத் தேவையற்றது. மருத்துவ வரலாறு எழுதுபவருக்கு அதுதான் புத்தகமே.

வேலையைப் பங்கிட்ட விதம் எளிமையானது. ஒரே பக்கத்தை மூன்று பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். ஒருவர் 29.87 என்றும் ஒருவர் 29.81 என்றும் படித்தால் மூன்றாமவர் பஞ்சாயத்து. உற்சாகத்துக்காக ஒரு விளையாட்டும் வைத்தார்கள். கப்பலில் சேரும்போது நீங்கள் பயிற்சி மாலுமி. சில பக்கங்கள் எழுதினால் லெப்டினன்ட். அந்தக் கப்பலில் எல்லாரையும்விட அதிகம் எழுதியவர் கேப்டன். இது எல்லாருக்கும் பிடித்திருக்கும் என்று நினைத்தால் தவறு. 2013இல் வெளியான ஓர் ஆய்வு பங்கேற்றவர்களையே கேட்டுப் பார்த்தது. சிலர் கேப்டன் பட்டத்துக்காக இராப்பகலாக எழுதியிருக்கிறார்கள். வேறு சிலர், இது போட்டியாகிவிட்டது, நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கியிருக்கிறார்கள். நாள்தோறும் நிதானமாக ஒன்றிரண்டு பக்கம் எழுதுபவரைப் பட்டம் கொடுத்து விரட்டவும் முடியும் என்பது கூட்டு வேலை நடத்தும் எவரும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியது.

2012க்குள் 16,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 16 லட்சம் வானிலைப் பதிவுகளைப் படித்து முடித்தார்கள். தப்பு நிறைய இருக்குமே என்று ஆரம்பத்தில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சரிபார்த்தபோது வேறு படம் தெரிந்தது. வாசகர்களின் தவறு சொற்பம். அதைவிட அதிகம், மை ஊறி யாராலும் படிக்கமுடியாமல் போன எழுத்து. அப்புறம் அந்தக் காலத்து அதிகாரிகளே செய்த தவறுகள். கிழக்குத் தீர்க்கரேகையை மேற்கு என்று எழுதிவிட்டால் கப்பல் ஒரே நாளில் பாதி உலகத்தைத் தாண்டிவிடுமே!

அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவும் சேர்ந்துகொள்ள, வேலை ஆர்க்டிக் பக்கம் திரும்பியது. அந்த ஏடுகளில் ஜானெட் என்ற கப்பலுடையதும் ஒன்று. 1879 செப்டம்பரில் பனிக்கட்டியில் சிக்கிய ஜானெட், பனியோடு பனியாக 21 மாதம் மிதந்தது. 1881 ஜூனில் பனி அதை நெரித்து மூழ்கடித்தது. 33 பேரும் படகுகளையும் சாமான்களையும் பனிமேல் இழுத்துக்கொண்டு சைபீரியாவை நோக்கி நடந்தார்கள். இழுத்துவந்த சுமையில் லாக் புத்தகங்களும் இருந்தன. லீனா ஆற்று முகத்துவாரத்தில் கரையேறிய பிறகு இனித் தூக்க முடியாது என்று கேப்டன் டி லாங் அவற்றைக் கரையிலேயே பத்திரப்படுத்திவிட்டு நடந்தார். அவரும் உடன் நடந்தவர்களில் பெரும்பாலோரும் பசியிலும் குளிரிலும் இறந்துபோனார்கள். உயிர் தப்பிய தலைமைப் பொறியாளர் மெல்வில் திரும்பிப் போய் அந்த ஏடுகளை எடுத்துவந்தார். 33 பேரில் 20 பேர் ஊர் திரும்பவில்லை. சோற்றை விட்டாலும் ஏட்டை விடாத அந்தப் பிடிவாதத்தால், 1880இல் ஆர்க்டிக் பனி எங்கே இருந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று இன்று நாம் பார்க்க முடிகிறது.

இப்படிச் சேரும் காற்றழுத்த எண்களைக் கொண்டு நோவாவும் கொலராடோ பல்கலைக்கழகமும் ஒரு வித்தை செய்கின்றன. தரைமட்டத்து, கடல்மட்டத்து அழுத்தத்தைக் கணினிக்குக் கொடுத்து, அன்றைய வளிமண்டலம் முழுவதும் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப்போட வைக்கிறார்கள். அதன் மூன்றாம் பதிப்பு 1836 வரை பின்னால் போகிறது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரே விடை அல்ல, சற்றே மாறுபட்ட 80 விடைகள். எண்பதும் நெருங்கி இருந்தால் அந்த நாளை நம்பலாம். சிதறிக் கிடந்தால் அந்தப் பகுதியில் கப்பல் போகவில்லை, அல்லது போன கப்பலின் ஏடு இன்னும் யார் கண்ணிலும் படவில்லை என்று அர்த்தம்.

இன்னும் பின்னால் போகும்போதுதான் எழுத்துக்காரர்கள் இல்லாமல் எண்ணுக்காரர்களால் ஓரடிகூட வைக்க முடியாமல் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2000 முதல் 2003 வரை நடந்த 'கிளிவாக்' திட்டம், 1750க்குப் பிந்தைய நூறாண்டு லாக் புத்தகங்களை எடுத்துக்கொண்டது. ஆங்கிலம், டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியம் என நான்கு மொழி. காற்று வலுவுக்கு எண் வைக்கும் வழக்கம் அப்போது பரவவில்லை, எல்லாம் சொல். டச்சு மாலுமி எந்தப் பாயை விரித்துப் போகலாம் என்று காற்றைச் சொல்வான். ஆங்கிலேயன் வேறு சொல் வைத்திருப்பான். கொண்டல், சோழகம், கச்சான், வாடை என்று கரையோரத்தில் காற்றுக்குப் பெயர் வைத்துப் பேசும் நமக்கு இது ஆச்சரியமில்லை. ஆனால் 'பலத்த வாடை' என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யாராவது கேட்டால்? அந்தக் குழு முதலில் செய்தது காற்றுக்கு ஓர் அகராதி. நான்கு மொழிச் சொற்களையும் எடுத்து, ஒன்றுக்கு எதிரே ஒன்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். காலநிலை ஆய்வுக்கு அடிப்படையாக ஓர் அகராதி வேலை அமைந்ததை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

தீர்க்கரேகையும் அப்படித்தான். கிரீன்விச் எல்லாருக்கும் பொதுவாவதற்கு முன் ஒவ்வொரு நாடும் தன் ஊரில் இருந்து எண்ணியது. கரை கண்ணில் இருந்து மறையும் முனையையே சுழியமாக வைத்து எண்ணிய கேப்டன்களும் உண்டு. அதைவிடப் பொல்லாதது நாள் கணக்கு. பழைய கப்பல் நாள் நண்பகலில் பிறக்கும், அதுவும் ஊர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னதாகவே. ஏட்டில் ஜூலை 5 பிற்பகல் என்று இருந்தால், கரையில் இருப்பவருக்கு அது ஜூலை 4 பிற்பகல். பிரிட்டிஷ் கடற்படை இதை 1805இல் கைவிட்டது. மற்றவர்கள் அவரவர் வசதிக்கு விட்டார்கள். சூரியன் உதித்தால் நாள் என்னும் பஞ்சாங்கமும் நள்ளிரவில் தேதி மாறும் காலண்டரும் ஒரே சுவரில் தொங்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. கணினிக்குச் சொல்லாவிட்டால் அது புயலை ஒரு நாள் தள்ளி வைத்துவிடும்.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1750களில் புனித ஜார்ஜ் கோட்டையில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த அலெக்சாண்டர் டால்ரிம்பிள், 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல்வரைபட அதிகாரியானார். கம்பெனிக் கப்பல்கள் பாரோமீட்டரும் தெர்மாமீட்டரும் வைத்து அளவெடுக்க வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். 1789 முதல் 1834 வரை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போய்வந்த கம்பெனிக் கப்பல்களின் 891 லாக் புத்தகங்களில் இருந்து 2,73,000 பதிவுகள் எழுதியெடுக்கப்பட்டன. அவற்றை வைத்து 2012இல் புரோகன் குழுவினர் எழுதிய கட்டுரை, 1809இன் பெயர் தெரியாத எரிமலையும் 1815இன் தம்போராவும் வெடித்தபின் வெப்பமண்டலக் கடல்கள் எவ்வளவு குளிர்ந்தன என்று பார்த்தது. குளிர்ச்சி இருந்தது, ஆனால் பலர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. துறைமுகம் இல்லாத மெட்ராஸ் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, கரைக்கு ஏற்றிச்செல்லும் மசூலா படகுக்காகக் காத்திருந்த வேளையிலும் ஒருவர் பாரோமீட்டரைப் பார்த்து எழுதியிருக்கிறார்!

இப்படிப்பட்ட திட்டத்தை நடத்துகிறவர்கள் முதல் நாளே முடிவுசெய்ய வேண்டியது ஒன்று. ஏட்டில் இருந்தது இருந்தபடியே ஒரு கட்டத்தில். நாம் சரி என்று நினைப்பது பக்கத்துக் கட்டத்தில். ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதக் கூடாது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இதை விட்டதால் பசிபிக் பெருங்கடலே பிழையாகிப்போன கதை ஒன்று உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வட அட்லாண்டிக் கடல் வட பசிபிக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகச் சூடேறியதாகப் பதிவுகள் காட்டின. காரணம் தேடி எத்தனையோ கட்டுரைகள். 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த டுவோ சான், பீட்டர் ஹைபர்ஸ் ஆகியோரும் பிரிட்டனின் எலிசபெத் கென்ட், டேவிட் பெர்ரி ஆகியோரும் கப்பல்களைக் குழுக் குழுவாகப் பிரித்து, அருகருகே போன கப்பல்களின் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். 1930களின் ஜப்பானியக் கப்பல்கள் குளிர்ச்சியாகக் காட்டின. பழைய ஆவணங்களைத் தேடியபோது காரணம் தெரிந்தது. கோபே நகரில் தொகுத்த அந்த ஏடுகளைப் பிற்காலத்தில் பஞ்ச் கார்டுக்கு மாற்றியபோது தசமப் புள்ளிக்குப் பின் இருந்த எண்ணை விட்டுவிட்டார்கள். 18.9 என்றாலும் 18, 18.1 என்றாலும் 18. முழுமையாக்கவில்லை, வெட்டினார்கள். கடைக்காரர் சில்லறையை எப்போதும் தன் பக்கமே வைத்துக்கொண்டால் மாதக் கடைசியில் நம் பையில் என்ன குறையுமோ, அதுதான் பசிபிக்கிலும் குறைந்தது. அதையும் மற்றக் கப்பல் குழுக்களின் வேறுபாடுகளையும் திருத்தியதும் இரண்டு கடல்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சூடேறியிருப்பது தெரிந்தது. சந்தேகத்தைக் கிளப்பியது புள்ளியியல். காரணத்தைச் சொன்னது யாரோ எப்போதோ எழுதிவைத்த அலுவலகக் குறிப்பு.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் பிரிட்டன் ஊரடங்கில் முடங்கியபோது, ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 65,000 மழைத் தாள்களைப் பொதுமக்கள் முன் வைத்தார். மாதங்கள் ஆகும் என்று எதிர்பார்த்த வேலையை 16,000 பேர் சேர்ந்து 16 நாளில் முடித்தார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள். பிரிட்டனின் அதிகாரபூர்வ மழைக் கணக்கு 1836 வரை நீண்டது. மிக வறண்ட ஆண்டு என்ற பட்டம் 1855க்குப் போனது.

நம் பக்கத்திலும் தாள்கள் உண்டு. நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கையின் மலையகத்திலும் தேயிலைத் தோட்டங்கள் மழைமானி வைத்து நாள்தோறும் எழுதியிருக்கின்றன. தாலுகா அலுவலகங்களில் எழுதியிருக்கிறார்கள். சொந்த ஆர்வத்தில் டைரியில் எழுதிய வாத்தியார்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் எந்த ஊரிலும் இருந்திருப்பார்கள். அப்படி ஒரு நோட்டு உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். எடுக்கும்போது அட்டையையும் முதல் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மழைமானி எங்கே இருந்தது, அங்குலமா மில்லிமீட்டரா, காலை எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். எழுதியிருக்காவிட்டால், அளந்தவரைத் தெரிந்த பெரியவர் யாராவது வீட்டில் இருக்கும்போதே கேட்டு, ஒரு தனித் தாளில் எழுதி, தேதி போட்டு நோட்டுக்குள் செருகிவிடுங்கள்.